முஹ்ஸினின் கொப்பிகள்

நஸ்லின் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்குகிறாள். அஸர் தொழுகைக்குப் பிந்திய வெயில் யன்னல் கம்பிகளின் நிழலை மேசையில் நீட்டி வைத்திருக்கிறது. மவுத்தாகிப்போன கணவன் முஹ்ஸினின் கூட்டாளி ஸவாஹிர், அந்த நிழலின் மேல் ஒரு புதுப் புத்தகத்தை வைக்கிறார். முஹ்ஸின் பதினாறு வருடம் கொப்பிகளில் கையால் எழுதிய ஆங்கிலச் சொல் விளக்கம் அது. அச்சாக்கித் தருவதாகச் சொல்லித்தான் ஸவாஹிர் கொப்பிகளைக் கொண்டுபோயிருந்தார். அட்டையில் ஸவாஹிருடைய பெயர் மட்டும் பொன்னெழுத்தில் மின்னுகிறது.

“இவங்கட பேர் எங்க காக்கா?”

“நன்றியுரையில போட்டிருக்கன் தங்கச்சி, கொப்பி தந்து உதவினாரெண்டு. நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆள்ர பேர் இருந்தாத்தானே புத்தகம் போகும்?”

“மவுத்தான ஆள் சண்டைக்கு வரமாட்டாரெண்டு துணிஞ்சிட்டீங்க, என்ன?”

அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிக்கிறார். கடலிரைச்சல் வீட்டுக்குள் வருகிறது. பக்கங்களைப் புரட்டுகிறவளின் விரல் ‘எமினன்ட்’ என்ற சொல்லில் நிற்கிறது. தன் தொழிலில் மற்றவர்கள் மதித்து உயர்த்திய ஆளுக்கே இது பொருந்தும், தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது அழகல்ல என்ற விளக்கம் முஹ்ஸினின் நடையில் அப்படியே இருக்கிறது. கீழே உதாரண வாக்கியம். ஸவாஹிர் அதை வாசித்தே பார்க்கவில்லை போலும்.

‘சாய்ந்தமருதில் எமினன்ட் ஆன சமையற்காரி என் மனைவி நஸ்லின்.’