விழுந்தவன் சொல்ல வேண்டிய பெயர்

நான் சாய்த்தது ஒரே ஒரு மெத்தையைத்தான்.

மற்ற பதினொன்றும் தாமாகவே சாய்ந்தன.

கடைசி மெத்தைக்கு அடியில் ஞானசிங் இருந்தான். கடைக்கு முதலாளி. எனக்கு நண்பன்.

மகளின் கல்யாணச் சீருக்கு மெத்தை பார்க்க வந்திருந்த அம்மாள், கிளம்பிய தூசியில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நான் பெறவு வாரேன்" என்று மெத்தையிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

ஐம்பத்தொன்பது வயதில், நிறுத்தி வைத்திருந்த ஆறடி நார் மெத்தையைக் கழுத்தைப் பிடித்து ஜூடோ த்ரோ போட்டுக் காட்டியிருக்கக் கூடாது. மெத்தைக்குக் கழுத்து கிடையாது என்பது பாதி வழியில்தான் தெரிந்தது.

காட்டினால் அவனுக்கு ஞாபகம் வரும் என்று நினைத்தேன்.

பழைய ஜூடோ கிளப் ஆட்கள் ஒரு வாட்ஸ்ஆப் குழு வைத்திருக்கிறோம். அதில் ஒருவன் பரணிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து, கழுவித் துடைத்து, வீடியோவாக அனுப்பினான். முப்பத்தேழு வருடத்துக்கு முந்தைய, மாநில அணிக்கான தேர்வுப் போட்டி. ஒவ்வொரு த்ரோவுக்கும் பெயர் எழுதும் பொறுப்பு எனக்கு. ஆபீசில் எனக்கு எவ்வளவு வேலை என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

நாற்பத்துமூன்றுக்கு எழுதிவிட்டேன்.

ஒன்று மிச்சம்.

அது நான் போட்டது. விழுந்தவன் ஞானசிங்.

எதிராளியை இடுப்பில் ஏற்றிக் காலால் வாரினால் அது ஹராய் கோஷி. இடுப்பு படாமல், நீட்டிய கால்மேல் மட்டும் அவன் உருண்டால் ஆஷி குருமா. பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். தொளதொள சட்டை மறைத்துவிடும். போட்டவனுக்கும் அந்தப் பதற்றத்தில் ஒன்றும் தெரியாது.

விழுந்தவனுக்குத் தெரியும்.

அதனால் எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. விழுந்தவன் மல்லாந்தபடியே த்ரோவின் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும். போட்டியிலும் அப்படித்தான், வாய்க்குள்ளாவது முணுமுணுத்துவிடுவோம். சொல்லாமல் எழுந்தால், அதை அவன் த்ரோவாகவே ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

கிளப்பில் எங்களுக்குத் தென்னைநார் மெத்தை. மேலே தார்ப்பாய். சாயங்காலம் அதில் முதுகு பட்டால், பகல் முழுக்க வாங்கிய வெயில் திரும்ப வரும். அந்தச் சூட்டில் கிடந்து நான் சொன்ன பெயர்களைக் கேட்டால் ஜப்பான்காரனுக்கே அலுத்துப்போகும்.

எல்லாம் ஞானசிங் போட்டவை.

இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவன் என்னிடம் விழுந்ததில்லை.

தேர்வுப் போட்டியில் விழுந்தான்.

பெயர் சொல்லாமல் எழுந்தான். சிரித்தான். கலைந்திருந்த என் சட்டையை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனான்.

நான் மாநில அணிக்குப் போனேன். அணி எனக்கு அரசு வேலை வாங்கிக் கொடுத்தது.

அவன் மெத்தைக் கடை வைத்தான்.

அந்த வருடம் என் அப்பா படுக்கையில் விழுந்திருந்தார். வீட்டு நிலைமை அவனுக்குத் தெரியும். கஞ்சி குடிக்கக்கூட அவன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தான்.

கேட்காமல் இல்லை. என் கல்யாணத்தில் கேட்டேன், அது என்ன த்ரோ என்று.

"வெஜிடபிள் குருமா" என்றான் பந்தியில் உட்கார்ந்தபடி.

அவன் மகளின் ஞானஸ்நானத்தில் கேட்டேன்.

"இன்னைக்கு மட்டன் குருமா."

அடுத்த மாதம் எனக்குப் பணி ஓய்வு. மேடையேற்றிச் சால்வை போடுவார்கள். சொந்தத் திறமையால் உயர்ந்தவர் என்று மைக்கில் சொல்வார்கள்.

அப்போது தலையாட்டுவதா, குனிந்துகொள்வதா?

அது தெரியத்தான் வந்தேன். இடுப்பு பட்டால் இப்படி, படாவிட்டால் இப்படி என்று மெத்தையை வைத்துக் காட்டினேன். இல்லை, த்ரோவே நடக்காமல் நீயாகத்தான் விழுந்தாயா என்று கேட்பதற்குள் பன்னிரண்டும் சாய்ந்துவிட்டன.

கடைசி மெத்தையைத் தூக்கி நிறுத்தினேன்.

ஞானசிங் மல்லாந்து கிடந்தான். தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. இரண்டு கையும் பக்கத்தில் விரிந்து, உள்ளங்கை தரையில் அறைந்திருந்தது. அறுபதை நெருங்கியும் முறைப்படி விழுந்திருக்கிறான்.

"என்னல செய்த, கிறுக்குப் பயலே?"

கை நீட்டினேன். அவன் பிடிக்கவில்லை.

நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். ஒரு த்ரோ போட்ட முட்டிக்கு வேறு யோசனை இருக்கவில்லை.

"விட்டுத்தான குடுத்த?" என்றேன். "இன்னைக்காவது சொல்லுல."

குருமா வரும் என்று காத்திருந்தேன்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் வலது கையைத் தூக்கி, தொப்புளுக்குக் கீழே வைத்தான். ஜூடோ பெல்ட்டின் முடிச்சு வரும் இடம்.

"உன் இடுப்பு இதுலதான் வந்து ஏறிச்சு. முடிச்சு குத்தி ஒரு வாரம் நீலமாக் கன்னிக் கெடந்துச்சு. எங்க அம்மைட்ட சைக்கிள்லருந்து விழுந்துட்டேன்னு சொன்னேன்."

திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தபடி, வாய்க்குள் முணுமுணுத்தான்.

"ஹராய் கோஷி."

சொல்லிவிட்டு எழுந்தான்.