முதல் டீ

“செத்துப்போனவங்க கடைக்கும் பணம் குடுப்பியாப்பா?” என்று தணிகைவேலிடம் மகள் கேட்டிருந்தாள். கொரோனா தொற்றால் நொடித்த கடைகளுக்கான உதவித்தொகை, திறந்திருக்கும் கடைக்கு மட்டுமே என்று பேரூராட்சியில் விதி எழுதியதே அவர்தான்.

இன்று மாசிலாமணியின் டீக்கடையைப் பார்வையிட வந்தார். அவன் இறந்ததிலிருந்து தொங்கும் பூட்டு துருவேறியிருந்தது. ஆனால் வாசலில், வியாபாரம் தொடங்குமுன் மண்ணில் ஊற்றும் முதல் டீயிலிருந்து ஆவி பறந்தது.

“நீங்களாம்மா ஊத்துனீங்க?” என்று அங்கே நின்றிருந்த மாசிலாமணியின் மனைவியிடம் கேட்டார்.

“நான் அடுப்பே மூட்டல சார். தெனமும் விடிஞ்சா இப்படித்தான் கெடக்கு,” என்றவள் அழுதபடி வீட்டுக்குப் போனாள்.

தணிகைவேல் நோயில் தனித்துக் கிடந்த பதினான்கு நாளும் அவர் வாசலில் டீ வைத்துவிட்டுப் போனவன் மாசிலாமணி.

யாருமற்ற தெருவில் அவர் பூட்டை நோக்கிக் கைகூப்பினார். பிறகு, உதவித்தொகைப் படிவத்தில் ‘கடை திறந்திருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.