சின்னத் தொட்டியே போதும்

"வேட்டையாடுற மீனா ஒண்ணு குடுங்க. வீட்டுல மீன் வளர்க்கிறது எங்களுக்குப் புதுசு. சின்ன உப்புத்தண்ணித் தொட்டிதான்," என்றாள் வளர்ப்பு மீன் கடைக்கு வந்த அம்மாள்.

பக்கத்தில் கணவர் கைகட்டி நின்றார். கரப்பான்பூச்சியைக் கண்டாலே நாற்காலிமேல் ஏறிவிடுவார் போலிருந்தது கடைக்காரருக்கு.

கடைக்காரர் விரல் நீள மீன் ஒன்றைக் காட்டினார். "பாறைமேல சாதுவா உக்காந்திருக்கும். இறாலைக் கண்டா ஒரே பாய்ச்சல்! சார், கையை உள்ள விட்டுடாதீங்க, பயந்துடுவீங்க."

கணவர் பவ்யமாகத் தலையாட்டினார்.

"தொட்டியைக் கொஞ்சம் பெரிசா எடுத்துக்கலாமேம்மா?" என்றார் கடைக்காரர்.

"ஐயய்யோ, வேணவே வேணாம்! இவரு முப்பது வருஷம் கடல் காட்சியகத்துல சுறாத் தொட்டிக்குள்ள இறங்கி இரை போட்டவரு. போன வாரம்தான் ரிட்டயர் ஆனாரு. பெரிசா வாங்கி வச்சா, மறுபடியும் உள்ள இறங்கிடுவாரு!"