கண் திறந்த படம் ஒன்று

"அட, இதுலயும் செத்துட்டாருப்பா!" என்று கத்தினான் கவுஸ்.

டிவியில் சிவசுப்பிரமணியன் சார் நெற்றியில் காசும் மூக்கில் பஞ்சுமாக நீட்டிப் படுத்திருந்தார். ராஜவேலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சார் நிஜமாகவே போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகவில்லை. சாரின் மனைவி பாப்பாயி அம்மாள் வேறு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். சிரிக்கலாமா கூடாதா என்று அவன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கையில், முதலில் சிரித்தது அந்த அம்மாள்தான்.

"ஏன்யா, இந்த மனுசனை எத்தனை தடவைதான் சாவடிச்சிருக்கீங்க?"

அவ்வளவுதான், கவுஸின் வீடியோ ஸ்டுடியோவே குலுங்கியது. தென்றல் சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

நாளை காரியம். கையோடு பெரம்பலூர் கல்யாண மண்டபத்தில் படத்திறப்பு. திறக்கத்தான் படம் இல்லை. மெட்ராஸில் காலம் பூரா சினிமா சொல்லிக்கொடுத்தவர், ரிட்டயராகி வாலிகண்டபுரம் வந்த பிறகும் ஞாயிறு தவறாமல் இந்த ஸ்டுடியோ மாடியில் இவர்களுக்கு வகுப்பு எடுத்தவர், அவருக்கென்று உருப்படியாக ஒரு போட்டோ கிடையாது! கேமராவுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றால் போதும், சாருக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். கல்யாண போட்டோவில் மூடியிருக்கிறார். ஓட்டு அட்டையிலும் மூடியிருக்கிறார்.

மாணவர்கள் எடுத்த குறும்படங்களிலாவது தேடலாம் என்றால் அதிலெல்லாம் பிணம். புதிதாகப் படம் எடுக்கிறவன் எவனும் முதல் படத்திலேயே ஒரு சாவு வைத்துவிடுவான். பிணமாகப் படுக்க ஊரில் எவன் வருவான்? வீட்டில் விளக்குமாற்றால் அடிப்பார்கள். "எனக்குக் கண்ணை மூடத்தான்டா நல்லா வரும்" என்று சாரே வந்து படுத்துக்கொள்வார்.

"வேற வேசம் எதுவும் அவருக்கு வராதுய்யா. எங்கிட்ட ஒரு பொய் சொன்னாக்கூட மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்" என்ற அம்மாள், டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு ஒன்னே ஒன்னு போதும். கண்ணு தொறந்து, என்னையப் பாக்கற மாதிரி. ஊரு சனம் அத்தனையும் நாளைக்குக் கண்ணு மூடின படத்துக்கா மாலை போடணும்?"

சிரிப்பு அடங்கிவிட்டது. பேனர் கடைக்காரன் சாயங்காலத்துக்குள் படம் வேண்டும் என்று சொல்லியிருந்தான்.

"ராஜவேலண்ணே, ரெட்டிபாளையத்துல நீங்க எடுத்த கேசட் பாக்கி இருக்குல்ல?" என்றாள் தென்றல்.

"அது வேணாம் விடு" என்றான் ராஜவேல்.

ஏன் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். தொண்டை கிழிய "கட்" சொல்வான், பட்டனை அமுக்க மாட்டான். அவன் கேசட்டில் பாதி தரை ஓடும், மீதிக்கு ஆடு மேயும். ரெட்டிபாளையத்தில் அன்றைக்கும் அதே கூத்துதான். சும்மாவே ஓடி கேசட் தீர்ந்துபோனது. அத்தனை பேர் முன்னாலும் சார் குதித்தார். "இனிமே நீ கேமராவைத் தொட்ட, கையை முறிச்சிருவேன்டா!" சார் அவனோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அடுத்த ஞாயிறு சார் இல்லை. அதற்குப் பிறகு ராஜவேல் கேமரா பக்கமே போகவில்லை. தன்னை உதவாக்கரை என்று நினைத்துக்கொண்டே சார் போய்விட்டார் என்பது அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

"சாரே போயிட்டாரு, இனிமே யாரு மாப்ள உன்னையத் திட்டப் போறா?" என்று கவுஸ் கேசட்டை உள்ளே தள்ளினான்.

சிமெண்ட் தூசி படிந்த சாலையோரம். சார் செத்துக் கிடந்தார். "இன்னா லில்லாஹி! மறுபடியும் போயிட்டாரு" என்றான் கவுஸ். டிவியிலிருந்து ராஜவேலின் குரல், "கட்! டேய், அந்த லாரியை நிறுத்துங்கடா, அடுத்த ஷாட்டுக்கு வேணும்!" தடதடவென்று கூட்டமே அவன் பின்னால் ஓடும் சத்தம். அப்புறம் ஆள் அரவமே இல்லை. கேசட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பாரு பாரு, ஆஃப் பண்ணலை!" கவுஸ் தொடையைத் தட்டிச் சிரித்தான். தென்றலுக்கு மறுபடியும் விக்கல்.

"நிறுத்துடா, போதும்" என்று ராஜவேல் ரிமோட்டைப் பிடுங்க எழுந்தான்.

அந்த நேரம் பார்த்துப் பிணமும் எழுந்தது.

மூக்கிலிருந்த பஞ்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்து, சீப்பை எடுத்து அழுந்தத் தலை வாரிக்கொண்டு, கேமராவுக்கு நேராக வந்து நின்றது. சாரின் இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன. பாப்பாயி அம்மாள் எழுந்து டிவிக்குப் பக்கத்திலேயே போய்விட்டார்.

"பாப்பாயி, நல்லாப் பாத்துக்க" என்றார் சார். "எப்படியும் ஒருநாள் படத்திறப்பு வைப்பீங்க, இதையே வச்சுக்குங்க. கலர்ல போடுங்கடா."

பிறகு இன்னும் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கண்ணடித்தார். "ராஜவேலு, ஆளில்லாம ஓடுற கேமரா உன்னைய விட்டா எவன்கிட்டடா கெடைக்கும், உன்னைய நம்பித்தான் இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தேன், இப்ப நீ வந்ததும் கையை முறிச்சிருவேன்னு குதிப்பேன், அது நடிப்புடா!"