விருப்பு வாக்கு

இலங்கைத் தேர்தலில், வன்னியில் எங்கள் கட்சிக்கு ஒரு ஆசனம் கிடைத்துவிட்டது என்று யூடியூப்பில் சொன்னதும், லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீடு துள்ளி எழும்பியது.

என் கணவரின் தம்பி கிருசாந்தன் சப்பாத்தோடு சோபாவில் ஏறி நின்றான். அவன் மனைவி ஏஞ்சலா பற்றிஸ் பலகாரத் தட்டைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே குதித்தாள். என் மகள் டிலக்சனா இரண்டு போனில் ஒரே நேரத்தில் கதைத்தாள்.

நானும் கை தட்டினேன். வேட்பாளரின் மனைவி சும்மா இருந்தால் நன்றாக இருக்காது.

மனத்தில் இருந்தது வேறு. என் கஸ்பர் தோற்க வேண்டும். தோற்று, ஞாயிற்றுக்கிழமை ஹீத்ரோவில் வந்து இறங்க வேண்டும்.

வென்றால் ஐந்து வருடம் அங்கேதான். எனக்கு இங்கே வேலை, மகளுக்குப் படிப்பு. ஒன்றரை மாதமாக அவர் இல்லாத வீட்டில் நான் பட்டது போதும். எனக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான்.

கால் நூற்றாண்டு இந்த நாட்டில் இருந்தும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்காத மனிதர் அவர். என்றைக்காவது ஊரில் எலெக்சன் கேட்பாராம், வேறு நாட்டுப் பிரஜை கேட்க முடியாதாம். விமான நிலையத்தில் நானும் மகளும் விறுவிறென்று வெளியே வந்து, நீள வரிசையில் நிற்கும் இவருக்காகக் காத்துக் கிடப்போம். பகிடி விடுகிறார் என்றே நினைத்திருந்தேன். செப்டெம்பர் கடைசியில் பெட்டியைக் கட்டிவிட்டார்.

வாக்குக் கேட்டேனா என்றால், கேட்டேன். முருங்கன், வங்காலை, அடம்பன் என்று சொந்தம் முழுவதற்கும் போன் எடுத்து, இவரின் இலக்கத்துக்கு விருப்பு வாக்குப் போடச் சொன்னேன். கேட்காமல் விட்டு அவர் தோற்றால், அந்தப் பாவம் என்னை விடாது.

ஆசனம் வந்ததோடு கதை முடியவில்லை. வன்னி மாவட்டத்துக்கு ஆறு ஆசனம். கட்சிகளுக்கு விழுந்த வாக்கின் அளவுக்கு அவற்றைப் பங்கு போடுவார்கள். எங்கள் பங்குக்கு வந்தது ஒன்றே ஒன்று. எங்கள் பட்டியலில் ஒன்பது பேர். அவர்களில் யாருக்கு விருப்பு வாக்கு அதிகமோ அவருக்குத்தான் அந்தக் கதிரை. நேற்றுவரை ஒரே மேடையில் கைகோர்த்து நின்றவர்கள் இன்றைக்கு ஒருவருக்கொருவர் போட்டி.

இவருக்கு உண்மையான போட்டி வவுனியா சச்சிதானந்தன் ஐயா ஒருவர்தான். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அவரிடம் படிக்காத வீடு அங்கே இல்லையாம்.

விருப்பு வாக்கு எண்ணி முடியும்வரை ஒருவரும் அசையவில்லை. ஏஞ்சலா வேலைக்குப் போன் எடுத்து, வயிற்றுக்குத்து என்றாள். என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி எவ்வளவு ஆசையாக இருக்கிறா, பாருங்கள் என்று கிருசாந்தன் மற்றவர்களுக்குக் காட்டினான்.

வாக்கெண்ணும் இடத்து வாசலில் நின்ற கட்சிப் பொடியன் போன் எடுத்தான். கிருசாந்தன் ஸ்பீக்கரில் போட்டான். ஐயா வென்றுவிட்டார். கஸ்பர் அண்ணை இரண்டாவது. நூற்றுச் சொச்சம் வாக்குத்தான் வித்தியாசம்.

டிலக்சனா விம்மத் தொடங்கினாள்.

நான் முகத்தைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினேன். ஏஞ்சலா பின்னாலேயே வந்து முதுகைத் தடவினாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவள் போனதும் ஃப்ரீசரைத் திறந்து, இவருக்குப் பிடித்த ஓரா மீனை எடுத்துச் சிங்கில் போட்டேன். இன்றைக்கு வெள்ளிதானே, அவர் வருவது ஞாயிறு என்று பிறகுதான் நினைவு வந்தது. திரும்ப உள்ளே வைத்தேன்.

அப்போது கஸ்பரே போன் எடுத்தார். என்ன ஆறுதல் சொல்லலாம் என்று நான் யோசிக்க, அவர் முந்திக்கொண்டார்.

"றோஸ், நான் தோக்கேல்லை. இரண்டாவதாய் வந்திருக்கிறன். இதில இடைத்தேர்தல் எண்டு ஒண்டும் இல்லை. ஐயாவுக்கு ஏதும் நடந்தால், அடுத்ததாய் நிக்கிற எனக்குத்தான் அந்த சீற்."

மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். ஐயாவுக்கு எழுபத்தொன்பது வயது. இரண்டு தரம் இருதயத்தில் அடைப்பு எடுத்தவர். மேடையில் ஏற்ற இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அதனால் இவர் இப்போதைக்கு வரப்போவதில்லையாம். மன்னாரில் காரியாலயத்துக்கு ஒரு கட்டடம் பார்த்தாயிற்றாம். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை நான் மாற்ற வேண்டுமாம்.

எப்போதைக்கு மாற்றுவது என்று கேட்டேன்.

அது ஐயாவைப் பொறுத்தது என்றார்.

இந்தச் செய்தி முன் அறைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். திரும்பவும் ஒரே கூச்சல். இந்த நாட்டு வாணவேடிக்கை நாளான கை ஃபோக்ஸ் நாளுக்கு வாங்கி மிஞ்சிய வெடியைக் கிருசாந்தன் பட்டப்பகலில் பின்வளவில் கொளுத்தினான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

நானும் வெளியே போனேன். அந்தப் புகைக்குள் நின்றுதான் ஒழுங்காக யோசித்தேன். ஐயா படுக்கையில் விழுந்தால் இவர் எம்.பி. ஐயா திடமாக நடமாடினால்தான் இவருக்கு அலுத்து, லண்டன் நினைவு வரும்.

தமிழ்ப் பூசை வைக்கும் பாதருக்குப் போன் எடுத்து, ஞாயிறு பூசையில் ஒருவருக்காக மன்றாட ஒரு கருத்து இருக்கிறது என்றேன். பெயர் கேட்டார். வவுனியா சச்சிதானந்தன் என்றேன்.

சைவப் பெயராக இருக்கிறதே, யாரும் சொந்தமா என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, செத்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்குத்தானே என்று கேட்டார்.

"ஐயோ பாதர், இல்லை. தேகசுகத்துக்கு. இன்னும் அஞ்சு வருசத்துக்கு அவர் ஓடித் திரிய வேணும் எண்டு மன்றாடுங்கோ."