ஜோசபினின் ஓய்வு நேரம்

“மறுபடியும் ஆரம்பிச்சுட்டா பாருங்க!”

சண்முகவள்ளி பல்லைக் கடித்தாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், ஜோசபின் வீட்டு உலக்கை தொம் தொம்மென்று விழ ஆரம்பித்திருந்தது.

பரண் மேலிருந்து அவள் புருஷன் ராமையா எட்டிப் பார்த்தான்.

“விடு வள்ளி. பாவம், அதுவும் பிழைக்கணும்ல?”

“பிழைக்கட்டும், யாரு வேண்டாம்னா? காலையில இடிக்கட்டும். நாள் பூரா இடிச்சா வாசல்ல யாரு வர்றான்னு எனக்கு எப்படிக் கேட்கும்? தலையை நீட்டாதீங்க, படுங்க!”

ராமையா இருமிக்கொண்டே படுத்தான்.

சயாமில் ரயில் பாதை போட, மலாயாவில் புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆறு பேரை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். ராமையாவும் ஜோசபினின் புருஷன் இஞ்ஞாசிமுத்துவும் ஒரே லாரி. சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனில் ரயிலேற்றும்போது ராமையா மட்டும் கூட்டத்தில் நழுவிவிட்டான். ரப்பர் காட்டுக்குள்ளேயே பதுங்கிக் கிடந்து, காய்ச்சலும் இருமலுமாக ரெண்டு வாரத்துக்கு முன்னால்தான் வீடு வந்து சேர்ந்தான்.

அவன் பரணில் இருப்பது ஈ காக்காய்க்குத் தெரியாது. தெரிந்தால் மறுபடியும் சயாம்தான். இந்த நெஞ்சோடு போனால் திரும்பி வர மாட்டான்.

ஜோசபின் கதை வேறு. கைக்குழந்தையோடு நின்றவள், நாலாம் நாளே கண்ணைத் துடைத்துக்கொண்டு மரவள்ளிப் புட்டு வியாபாரத்தில் இறங்கிவிட்டாள். அரிசியைக் கண்ணால் பார்க்க முடியாத காலம். கிழங்கைச் சீவிக் காயவைத்து, விடியற்காலையில் இடித்து, மூங்கில் குழாயில் அவித்து வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் ஏழு மணிக்குள் வாங்கித் தீர்த்துவிடுவார்கள். காசு இல்லாதவர்கள் உப்பு கொடுப்பார்கள், தேங்காய் கொடுப்பார்கள்.

“பாதி வேலையை வெயிலு பார்த்துக்குதுக்கா. மீதியும் காலையிலேயே முடிஞ்சுடுது. அப்புறம் நாள் பூரா நானும் எம் புள்ளையும்தான்” என்று பெருமையாகச் சொல்வாள்.

சொன்னது போலவே மத்தியானத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஜெபமாலை உருட்டுவாள். லயத்துப் பெண்களுக்கெல்லாம் உள்ளூரப் பொறாமைதான்.

அப்படி இருந்தவளுக்கு இந்த ரெண்டு வாரமாக என்ன வந்ததோ! மத்தியானமும் இடி, சாயங்காலமும் இடி.

“கூலிம் பக்கம் ஏதோ ஜப்பான் கேம்ப்புக்கு மாவு குடுக்கிறாளாம்” என்றாள் அதே லயத்து வாசுகி, தண்ணீர்க் குழாயடியில்.

“காசு ருசி கண்டுட்டா. புருஷன் எந்தக் காட்டுல கிடக்கிறானோ, இவளுக்கு மாவு கேட்குது!” என்றாள் சண்முகவள்ளி.

சொன்ன பிறகு நாக்குக் கொஞ்சம் கூசியது. ஆனாலும் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. ஒரே லாரியில் போனவர்களில் அடுத்தவள் புருஷன் மட்டும் வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்தால், எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு பொறுக்கும்?

அன்றைக்கு உலக்கைச் சத்தத்தில் காலடி எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால், வாசலில் தோட்டத்துக் கங்காணி அப்பளசாமி. பின்னால் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய்.

“ஓடிப்போனவனுங்களைத் தேடி வீடு வீடா பார்க்கிறோம். ராமையா சேதி ஏதாச்சும் உண்டா?”

“சயாமுக்குப் போனவரு சேதி எனக்கு எப்படிண்ணே வரும்? நீங்கதான் சொல்லணும்.”

சிப்பாய் உள்ளே நுழைந்தான். பானைகளைத் தள்ளிப் பார்த்தான். பாயைக் காலால் உதைத்தான்.

அந்த நேரம் பார்த்துப் பரண் பலகை அதிர்ந்தது. ராமையா வாயில் துணியைத் திணித்துக்கொண்டு இருமுகிறான். அந்த இருமல் வந்தால் லேசில் நிற்காது.

உலக்கையோ இன்னும் வேகமாக இறங்கியது. தொம், தொம், தொம்! சுவரே ஆடியது. கங்காணி பேசியது சிப்பாய்க்குக் கேட்கவில்லை. சிப்பாய் கத்தியது கங்காணிக்குக் கேட்கவில்லை.

“ஏ ஜோசபின்! நிறுத்துலா!” கங்காணி சுவரில் குத்தினான்.

நிற்கவில்லை.

சிப்பாய்க்கு ஆத்திரம் தலைக்கேறியது. விடுவிடுவென்று வெளியே போய் அடுத்த வீட்டுக்குள் நுழைந்தான். கங்காணியும் பின்னாலேயே ஓடினான். பளாரென்று ஓர் அறை. பிள்ளை வீறிட்டது. உலக்கை நின்றது.

அதற்குள் பரணும் அடங்கியிருந்தது.

‘வேணும் இவளுக்கு’ என்று நினைத்துக்கொண்டாள் சண்முகவள்ளி.

இரண்டு பேரும் இந்தப் பக்கம் திரும்பாமல் லயத்தைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு பயமெல்லாம் கோபமாக மாற, அடுத்த வீட்டுக்குப் பாய்ந்தாள்.

“ஏண்டி, உனக்குக் காசுதான் பெருசா? ஆளு வந்து நின்னதுகூடக் கேட்கல. உன்னால இன்னிக்கு என் குடியே முழுகியிருக்கும்! காலையிலேயே வித்து முடிச்சவ, இப்ப யாருக்குடி இடிக்கிற?”

ஜோசபினுக்கு ஒரு கன்னம் வீங்கிச் சிவந்திருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, உரலை மறைத்தாற்போல் நின்றவள், ஓரமாக நகர்ந்தாள்.

சண்முகவள்ளி உரலுக்குள் பார்த்தாள்.

ஒரு பொட்டு மாவு இல்லை. வெறும் உரல்.

ஜோசபின் குரலைத் தாழ்த்தினாள்.

“மாவு வேலையெல்லாம் காலையிலேயே முடிஞ்சிடுதுக்கா. இது பரண்ல இருக்கிற அண்ணனோட இருமலுக்கு.”