அடிமரம்

கத்தி முனையால் பட்டையைச் சுரண்டினான்.

பழுப்பு.

நாலு விரல் தள்ளிச் சுரண்டினான். அங்கும் பழுப்பு. புளித்த வாடை மூக்கில் ஏறியது.

எலுமிச்சை இலைகள் ஒரு மாதமாக மஞ்சளித்துக் கொட்டிக்கொண்டிருந்தன. சத்துக் குறையென்றால் நரம்பு பச்சையாக நிற்கும். இதில் நரம்புதான் முதலில் வெளுத்திருந்தது. புழு ஓடிய வெள்ளிக் கோடு இல்லை. சொறிப்புள்ளி இல்லை. ஒவ்வொரு சந்தேகமாக விலக்கிவிட்டுக் கடைசியில்தான் தரையோடு குனிந்து பார்த்தான். அடிமரத்தில் பிசின் வடிந்து உறைந்திருந்தது.

அடியழுகல்.

புளியங்குடி உரக்கடையில் அவனுக்குப் பதினெட்டு வருட வேலை. ஊரே காய்ந்த இலையைப் பையில் போட்டுக்கொண்டு வந்து அவனிடம்தான் நீட்டும். பார்த்த மாத்திரத்தில் நோயைச் சொல்லிவிடுவான்.

சொந்த வீட்டு மரத்தின் பக்கம் மட்டும் பதினோரு மாதமாக வரவில்லை.

நட்டவள் இசைவாணி. ஒரே மகள்.

அவன் வராத நாளெல்லாம் அவன் மனைவி வந்தாள். மகளுக்கு வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றுவது போலவே, அடிமரத்தில் மஞ்சள் பூசிக் குடம் குடமாக ஊற்றினாள். வெள்ளிக்கிழமை போதாமல் தினமும் ஊற்றினாள். தண்ணீர் ஓடிவிடக் கூடாதென்று மண்ணை முழங்கால் உயரம் அணைத்து வைத்தாள்.

பட்டை காயவே இல்லை. ஈரத்திலேயே ஊறி அழுகியது.

இரண்டு விரல் அகலம் பச்சை இருந்தால் போதும். அழுகலைச் செதுக்கி எறிந்துவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிப் பிழைக்க வைத்துவிடலாம். எத்தனையோ பேர் வீட்டு மரத்தை அப்படி எழுப்பி நிறுத்தியிருக்கிறான்.

மண்ணை விலக்கினான். சுரண்டினான்.

தெற்கே பழுப்பு.

மேற்கே பழுப்பு.

கத்தி ஒரு சுற்று சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

பின்னால் ஈரக் காலடி. இடுப்பில் குடத்தோடு அவள்.

மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் வீட்டிலேயே கஷாயம் கொடுத்துப் பார்த்தவள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அன்றிலிருந்து பால்காரர், பஸ் கண்டக்டர் என்று யாரைப் பார்த்தாலும், கேட்காமலேயே, நான்தான் கொன்றேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கத்தியைப் பார்த்தாள். உரிந்த பட்டையைப் பார்த்தாள்.

“என்னங்க, நான் எதும் தப்பா செஞ்சிட்டேனா?”

அவன் கையால் மண்ணைத் தள்ளி அடிமரத்தை மூடினான். நிதானமாக, ஓர் இடம் விடாமல் மூடினான்.

“வெயிலு இந்தப் போடு போடுதுல்லா. தண்ணி பத்தல, அவ்வளவுதான்.”

அவள் மூச்சு விட்டது கேட்டது. பதினோரு மாதத்தில் அப்படியொரு மூச்சை அவன் கேட்டதில்லை.

குடத்தை அப்படியே கவிழ்த்தாள். இன்னொன்று பிடிக்க விறுவிறுவென்று நடந்தாள்.

அவன் எழுந்தான். அவளை முந்திக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டான்.